உப்புத் தின்ற பக்கம்

தாழ்வுபாடு,
14.02.2010

அன்புள்ள தம்பி றெனால்டுக்கு,

உன் மச்சாள் எமில்டா எழுதுகிறேன். வலது கண்ணில் புரை படர்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் முழங்கால் எப்படி? மாக்கிறேற்றின் சீனி வருத்தம் கட்டுக்குள் இருக்கிறதா?

தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் சொன்னதை மறுநாள் சொல்லவில்லை எனலாம். ஆகையால் நான் எழுதுகிறேன். நீயும் எழுதியே பதில் தா.

எங்கள் ஊருக்குத் திரும்ப அனுமதி வந்துவிட்டது. கண்ணிவெடி எடுத்து முடித்துவிட்டார்கள். போன கிழமை ஜுனைதீனின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏறிப்போய்க் காணியைப் பார்த்தேன். தொண்ணூறில் துரத்தப்பட்ட ஜுனைதீன் குடும்பமும் புத்தளத்திலிருந்து பக்கத்து ஊருக்குத் திரும்பியிருக்கிறது. நானும் உன் அண்ணரும் வாழ்ந்த வீட்டில் அத்திவாரம் மட்டும் மிச்சம். கிணற்றுக்கட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஆனால் தண்ணீர் அதே தண்ணீர். கடலுக்கு அவ்வளவு கிட்டவிருந்தும் ஒரு சொட்டு உவர் இல்லை.

உன் அப்பு காணியைப் பிள்ளைகள் இருவருக்கும் பிரித்தது உனக்குத் தெரியும். தெருவிலிருந்து எல்லைக்கல் வரை உன் அண்ணருக்கு, கல்லிலிருந்து மேற்கே கடல் வரை உனக்கு. கிணறு எங்கள் பக்கம். கல் கிணற்றுக்கும் கடலுக்கும் நடுவில் நின்றது. இப்போது அது கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன்படி கிணறு உன்னுடையது.

கல்லுக்குக் கால் இல்லை. உனக்கு இதைப்பற்றி ஏதும் தெரியுமா?

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன் மச்சாள்,
எமில்டா


ரொறன்ரோ,
21.03.2010

அன்புள்ள மச்சாளுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் ஆண்டவர் புண்ணியத்தில் இருக்கிறோம். முழங்கால் குளிரில் மடங்க மறுக்கிறது. மாக்கிறேற்றுக்கு ஊசி மாற்றியிருக்கிறார்கள். உங்கள் கண்ணைப் பிந்தாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெயிலில் அலையாதீர்கள்.

மச்சாள், மனதில் வைக்காதீர்கள். உங்களுக்கு எழுபத்து நாலு வயது. எத்தனை இடப்பெயர்வு, எத்தனை முகாம். எது எங்கே நின்றது என்று எனக்கே இப்போது மாறித்தான் ஞாபகம் வருகிறது. பதிவுக் கந்தோரில் உள்ள காணி உறுதிப் பிரதியில் 'கல்லுக்கு மேற்கே, கல்லுக்குக் கிழக்கே' என்றுதான் இருக்கிறது. அப்படியானால் கல் நிற்கும் இடம்தான் எல்லை. நாங்கள் கதைத்து என்ன?

கல்லுக்குத் தானாக ஒன்றும் ஆகியிருக்காது. இங்கே என்றால் பனியில் கல்லே வெடிக்கிறது. எங்கள் வாசற்படி மூன்றாம் முறை பிளந்துவிட்டது. வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கி, உறைந்து, பருத்து, இரும்பு ஆப்பு அடித்த மாதிரிப் பிளக்கும். நம்முடைய ஊரில் பனியா, உறைவா? வெயில்தானே. நூறு வருடம் போனாலும் கல் நட்டபடி நிற்கும்.

தண்ணீர் வேண்டிய மட்டும் அள்ளுங்கள். நான் ஏதும் சொல்வேனா?

உங்கள் தம்பி,
றெனால்ட்


தாழ்வுபாடு,
18.04.2010

அன்புள்ள தம்பிக்கு,

உயிர்த்த ஞாயிறு வாழ்த்துகள், பிந்தியென்றாலும். நான் சுகம். என் கண்ணுக்குத்தான் புரை, ஞாபகத்துக்கு அல்ல.

பிரதேச செயலகத்துக்குப் போனேன். காணி உத்தியோகத்தர் துசாந்தினி என்று ஒரு பிள்ளை. கெட்டிக்காரி, ஆனால் கதிரையைக் காட்ட மறந்துவிட்டாள். நானே இழுத்துப்போட்டு இருந்தேன்.

"அம்மா, எல்லைப் பிணக்கு இருந்தா உங்கட பெயரை வீட்டுத்திட்டத்தில போடேலாது. கிணறும் அவரிட பக்கமெண்டா, தண்ணியில்லாத காணிக்கு வீடு தரவும் மாட்டினம்" என்றாள்.

நிலைமை உனக்கு விளங்கியிருக்கும். கிணறு இல்லையென்றால் எனக்கு வீடு இல்லை. வீடு இல்லையென்றால் தாழ்வுபாட்டில் இன்னொருவர் வீட்டு விறாந்தையில் கிடந்து சாக வேண்டும். உன்னிடம் அனுமதி கேட்டுத் தண்ணீர் அள்ளவும் மாட்டேன்.

திரும்பவும் போய்க் கல்லை ஆறுதலாகப் பார்த்தேன். அப்பு வெட்டிய சிலுவை கடலைப் பார்த்தபடி இருக்கிறது. நேற்று வெட்டியதுபோலக் கோடு தெளிவாகத் தெரிகிறது. அதன்மேல் மெல்லிய கறுத்த பாசித் தோல். மறு பக்கம், வீட்டைப் பார்க்கும் பக்கம், முழுவதும் பொத்தல். தேன்கூடுபோலக் கிடக்கிறது. விரலை விட்டால் முதற்கணு வரை போகிறது. தட்டினால் மாவாக உதிர்கிறது.

உன்னிடம் ஒரே ஒரு கேள்வி. அப்பு சிலுவையை எந்தப் பக்கம் பார்க்க நட்டார்? யோசித்து எழுது.

மாக்கிறேற்றை மருந்து தவறவிடாமல் பார்த்துக்கொள்.

மச்சாள்,
எமில்டா


ரொறன்ரோ,
13.06.2010

அன்புள்ள மச்சாளுக்கு,

பதில் பிந்திவிட்டது, வேலை அதிகம். நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன்.

இது ஒரு கேள்வியா? சிலுவை கடலைப் பார்த்துத்தான் நின்றது. நம் கரையில் எந்தச் சிலுவை கடலுக்கு முதுகு காட்டியிருக்கிறது? தொழிலுக்குப் போகிறவன் வள்ளத்திலிருந்து பார்த்துக் கும்பிட வேண்டாமா?

பின்பக்கம் பொத்தல் என்றால் சன்னம் பட்டிருக்கும், செல் சிதறியிருக்கும். சண்டை நடந்த இடம்.

மச்சாள், ஊருக்குள் இதைப் பெரிதாக்காதீர்கள். வின்சன்ட் பாவம். பிள்ளைகுட்டிக்காரன், கோயில் காரியம் என்றால் முன்னுக்கு நிற்பவன். அவனைக் கூப்பிட்டு விசாரித்து அவமானப்படுத்த வேண்டாம். கொழும்பில் ஒரு கொம்பனியோடு சில விஷயம் கதைக்கிறேன். சரிவந்தால் உங்களுக்கும் ஏதாவது செய்வேன்.

உடம்பைக் கவனியுங்கள்.

தம்பி,
றெனால்ட்


தாழ்வுபாடு,
11.07.2010

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். இரண்டாவது முறை சிரித்தேன். சிரித்ததில் சுகமாகவே இருக்கிறேன்.

உன் மருமகன் முறையான வின்சன்டைப்பற்றி நான் உனக்கு ஒரு சொல்லும் எழுதவில்லை. இதுவரை அவன்மேல் எனக்கு எண்ணமே போகவில்லை. தகவலுக்கு நன்றி.

இனிக் கல்லுக்கு வருவோம். நீ பாடசாலை விடுதியில் இருந்த வருடத்தில் அப்பு கல்லை நட்டார். நான் பக்கத்தில் நின்றேன். சிலுவையை வீட்டுப் பக்கம் திருப்பினார். என் மாமி, உன் அம்மா, சும்மா விட்டாவா?

"என்ன மனிசன் நீ! ஆண்டவரைக் கடலுக்கு முதுகுகாட்ட வச்சிருக்கிறாய்!"

"உப்புக் காத்து திண்டுபோடுமடி. அம்பது வரியத்தால உன்ர ஆண்டவரைத் தடவிப் பாத்துத்தான் கண்டுபிடிக்கவேணும்" என்றார் அப்பு.

இதைக் கேட்டவர்களில் நான் மட்டும்தான் மிச்சம். ஒரு கிழவியின் பேச்சை யார் எடுக்கப்போகிறார்கள் என்று நீ நினைக்கலாம். அதனால் என் பேச்சை விட்டுவிடு. கல்லையே கேட்போம்.

கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்தபோது 'வானிலையாலழிதல்' என்று ஒரு பாடம் இருந்தது. ஒரே கல்லைக் குளிர்நாட்டில் வைத்தால் ஒரு விதமாக அழியும், ஈரம் கூடிய நாட்டில் வேறு விதமாக, எங்கள் கரையில் இன்னொரு விதமாக. உன் வாசற்படியை உறைபனி பிளக்கிறது. சரியாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் வெயில் நாட்டில் கல்லுக்கு ஒன்றும் ஆகாது என்றாயே, அது தவறு. இங்கே அந்த வேலையைச் செய்வது உப்பு. வைகாசியிலிருந்து கச்சான் காற்று மேற்கே கடலிலிருந்து ஓயாமல் அடிக்கிறது. இப்போதும் அடித்துக்கொண்டிருக்கிறது, இந்தத் தாளுக்கு மேல் செம்பை வைத்துத்தான் எழுதுகிறேன். அது கொண்டுவரும் உப்பு நீர் சுண்ணாம்புக் கல்லின் நுண்ணிய துளைகளில் இறங்கும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொள்ளும். உப்பு உள்ளேயே கட்டியாகிப் பருத்து, கல்லை மணி மணியாக வெளியே தள்ளும். உனக்குப் பனி எதுவோ, எங்களுக்கு உப்பு அது.

உப்பு வருவது கடல் பக்கமிருந்து. ஆகவே தேய்வது கடல் பக்கம். மறைவான பக்கத்தில் மார்கழி வாடை மழைக்குப் பாசி பிடித்துக் கறுக்கும், வெட்டு அப்படியே இருக்கும். சன்னம் என்றாய். சன்னம் பட்டால் கல் சில்லாகத் தெறிக்கும், தேன்கூடு கட்டாது.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் ஜுனைதீனோடு கரை நெடுகப் போனேன். சேமக்காலைக் கல்லறைகள், கோயிலின் பழைய சுவர், இடிந்த பங்களாவின் தூண்கள், எல்லாவற்றிலும் பொத்தல் மேற்கே. ஜுனைதீன் தங்கள் பள்ளிவாசல் சுவரையும் காட்டினார்.

"உப்பு எங்கட ஆள் உங்கட ஆள் பாக்கேல்ல அக்கா. கடலைப் பாத்து நிக்கிறவனைத் தின்னுது" என்றார்.

இவ்வளவு தூரக் கரையில் ஒரே ஒரு கல்லுக்கு மட்டும் பொத்தல் கிழக்கே. அது நம்முடைய கல். ஐம்பது வருடம் கடலைப் பார்த்து நின்ற முகம் இன்று வீட்டைப் பார்க்கிறது. கல்லைப் பிடுங்கி வேறிடத்தில் நட்டவன் அதைத் திருப்பி நட்டிருக்கிறான்.

வின்சன்ட் கோயில் காரியத்துக்கு முன்னுக்கு நிற்பவன் என்று நீதான் எழுதினாய்.

மாக்கிறேற்றுக்கு என் அன்பு.

மச்சாள்,
எமில்டா


ரொறன்ரோ,
29.08.2010

அன்புள்ள மச்சாள்,

இங்கே எல்லோரும் சுகம். அங்கும் சுகமென நினைக்கிறேன்.

நீங்கள் படித்தவர். உங்களோடு வாதாட என்னால் முடியாது. சரி, கல் ஒரு காலத்தில் திரும்பியது என்றே வைப்போம். யார் திருப்பினார்களோ, இராணுவமோ, புல்டோசரோ. ஆனால் அது முன்பு எங்கே நின்றது என்பதையும் கல் சொல்லுமா? கிணற்றுக்கு அந்தப் பக்கம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். இந்தப் பக்கம் என்று நான் சொல்கிறேன். கந்தோர் யாருடைய சொல்லை எடுக்கும்?

ஐப்பசியில் கொம்பனியின் நில அளவையாளர் வருகிறார். அவருக்கு இடைஞ்சல் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

றெனால்ட்


தாழ்வுபாடு,
19.09.2010

அன்புள்ள தம்பி,

சுகம். நீயும் அப்படியே இரு.

நல்ல கேள்வி. கல் சொல்லும். துசாந்தினிப் பிள்ளையை நேரில் வந்து பார்க்கக் கேட்டிருக்கிறேன்.

"கல்லு கதைக்குமெண்டு என்ர அறிக்கையில எழுதேலாது, அம்மா" என்றாள்.

"எழுதவேண்டாம் பிள்ளை. வந்து பாருங்கோ. பிறகு எழுதாமல் இருக்க உங்களால ஏலாது" என்றேன்.

இந்த முறை கதிரை தந்தாள்.

கொம்பனி அங்கே விடுதி கட்டப்போவதாகவும், நல்ல தண்ணீர் இருந்தால்தான் காணியை வாங்குவார்களாம் என்றும் ஊரே கதைக்கிறது. நீ மட்டும் எனக்கு எழுதவில்லை. மறந்திருப்பாய்.

எமில்டா


எங்கள் ஊர்,
24.10.2010

அன்புள்ள தம்பி றெனால்டுக்கு,

இடத்தின் பெயரைக் கவனி. இன்றிலிருந்து என் கடிதங்கள் இங்கிருந்துதான் வரும். தறப்பாள் கூரை போட்ட கொட்டில்தான், ஆனால் என் காணியில். நான் மிகவும் சுகம். உன் பதில் வரும்வரை காத்திருக்க மனம் வரவில்லை.

வியாழக்கிழமை விசாரணை. துசாந்தினி, உன் கொம்பனியின் அளவையாளர், ஜுனைதீன், ஊரில் பாதி. வின்சன்டும் வந்தான். அளவையாளர் உதவிக்குக் கூப்பிட்டாராம்.

முதலில் துசாந்தினியைச் சேமக்காலைக்குக் கூட்டிப்போய் மேற்கு முகங்களைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு நம் கல்லுக்கு வந்தோம். அவள் இரண்டு பக்கமும் கையை வைத்துப் பார்த்தாள். கையில் ஒட்டிய கல்மாவை ஊதினாள். கடலைப் பார்த்தாள், கல்லைப் பார்த்தாள்.

"இது திரும்பித்தான் நிக்குது" என்றாள். "ஆனா அம்மா, எங்கயிருந்து வந்தது?"

நீ கேட்ட அதே கேள்வி. அப்பு மணலில் வெறுமனே கல் நடுகிற ஆள் இல்லை. சிப்பி சுட்டுச் சுண்ணாம்பெடுத்து, சாந்து குழைத்து, அடியில் வார்த்து நட்டார். அதற்குத் தண்ணீர் அள்ளிக் கொடுத்தவள் நான். கல்லைப் பிடுங்கியவர்கள் கல்லை எடுத்திருப்பார்கள். மண்ணுக்குள் இறுகிய சாந்தை யார் எடுப்பார்கள்? உப்புக்காற்றும் வெயிலும் தொடாத ஆழம் அது.

கிணற்றுக்கு மேற்கே இடத்தைக் காட்டி, "வின்சன்ட், தோண்டு" என்றேன்.

அலவாங்கைப் பிடித்தபடி நின்றானே தவிர அசையவில்லை.

"மாமி, அங்க ஒண்டும் இராது."

"இல்லாட்டி உனக்கு வேலை லேசு. தோண்டு."

முழங்கால் ஆழம் போக முன்பே அலவாங்கு நங்கென்றது. மண்ணை விலக்கினார்கள். வெள்ளைச் சாந்து, நடுவில் கல்லின் அடி இருந்த பள்ளம், வார்த்த அச்சுப்போல.

வின்சன்ட் அலவாங்கைப் போட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டான்.

"மாமி, வெடி எடுத்து முடிஞ்ச கையோட கல்லைப் பிடுங்கினது நான்தான். றெனால்ட் மாமா சொல்லிச்சு. ஆனா சத்தியமாச் சொல்லுறன், சிலுவையைக் கடலுக்கு முதுகுகாட்டி நட எனக்கு மனம் வரேல்ல. பிழையா நிண்டதை நான் சரியாக்கித்தான் நட்டனான்."

"களவெடுக்க மட்டும் மனம் வந்ததோ?"

"அது வேற, மாமி."

"எப்பிடியடா வேற?"

"காணி மனிசரிட. சிலுவை ஆண்டவரிட."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அளவையாளர் சிங்களப் பெடியன், ஜுனைதீன் அவனுக்குச் சொல்லி விளக்க, அவனும் சிரித்தான். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்தி இல்லாதவனை அனுப்பியிருந்தால் கல்லைத் தூக்கினபடியே வைத்துவிட்டு வந்திருப்பான், அந்தச் சாந்தைத் தோண்டிப் பார்க்க என் சொல்லை நம்பி ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள். நீ ஆளைத் தெரிவுசெய்ததில்தான் தோற்றாய், தம்பி.

கல்லைக் கயிறு போட்டு லாண்ட்மாஸ்டரில் இழுத்து வந்தார்கள். வின்சன்ட் இவ்வளவு நடந்த பிறகும் விடவில்லை.

"மாமி, நடுறதெண்டால் சிலுவையைக் கடல் பக்கம் விட்டு நடுவமே?"

துசாந்தினி என்னைத் தடுத்தாள். "விடுங்கோ அம்மா. அவர் சொல்லுற மாதிரியே வச்சுப் பாப்பம்."

வைத்தார்கள். கல் இறங்கவில்லை. ஒரு பக்கம் தூக்கி நின்று ஆடியது. அப்பு கொத்திய அடி ஒரு பக்கம் தடிப்பு, மறு பக்கம் சரிவு. பள்ளமும் அப்படித்தான். தூக்கித் திருப்பினார்கள். தேன்கூட்டு முகம் கடலுக்கு, சிலுவை வீட்டுக்கு. கல் ஒரு சத்தத்தோடு உள்ளே இறங்கி நின்றது. நாலு ஆண்கள் சேர்ந்து தள்ளியும் அசையவில்லை. யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். யார் என்று பார்த்தேன். காணி உத்தியோகத்தர்.

அந்த இடத்திலேயே அறிக்கை எழுதிக் கையெழுத்து வைத்தாள். எதை எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. என் பெயர் வீட்டுத்திட்டத்தில் ஏறிவிட்டது.

வின்சன்டை நான் பொலிசில் கொடுக்கவில்லை. கிணற்றை இறைத்துச் சேறு வாரி, சரிந்த கட்டைக் கட்டித்தர வேண்டும் என்றேன். நாளைக்குத் தொடங்குகிறான்.

மாக்கிறேற்றுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசீர்.

மச்சாள்,
எமில்டா


ரொறன்ரோ,
28.11.2010

மச்சாளுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் கடிதம் வந்து பல நாளாகிறது. எழுத உட்கார்வதும் எழும்புவதுமாக இருந்தேன்.

கொம்பனி விலகிவிட்டது. நானும் அவர்களைத் திரும்பக் கேட்கவில்லை.

நான் வின்சன்டிடம் என்ன சொன்னேன் என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது.

நத்தார் திருநாளுக்கு வர நினைக்கிறேன். மாக்கிறேற்றுக்கு ஏலாது, தனியே வருவேன். உங்களுக்கு முன்னால் வர முகம் இல்லை. வின்சன்ட் வீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

கண் வைத்தியத்துக்கு என்ன செலவென்றாலும் நான் பார்க்கிறேன்.

றெனால்ட்


எங்கள் ஊர்,
12.12.2010

அன்புள்ள தம்பி றெனால்டுக்கு,

கடிதம் வந்தது. சுகமாக இருக்கிறாய் என்று வாசித்ததில் சந்தோஷம். நானும் சுகம். கண் புரையை மன்னார் ஆஸ்பத்திரியில் தை மாதம் வெட்டுகிறார்கள், இலவசம்தான். செலவுக்கு ஒன்றும் அனுப்பாதே.

வாடை மழை தொடங்கிவிட்டது. வீட்டுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. மேசன்மாருக்குக் கடல் பக்கச் சுவரை இரண்டு பூச்சாகப் பூசச் சொல்லியிருக்கிறேன். முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது ஊரில் வீடு கட்டுகிற எல்லாரும் சுவர் பூச முன்பு என்னிடம் வந்து கேட்டுப் போகிறார்கள். நானும் சொல்கிறேன், சொல்லும்போது அவர்களை நிற்கவைத்துத்தான் சொல்கிறேன்.

கிணறு இறைத்து முடிந்தது. முதல் வாளியை நான் குடித்தேன். இரண்டாவதை ஜுனைதீன் மனைவி கதீஜா குடித்தாள். பிறகு வரிசை. எங்கள் தெருவில் திரும்பி வந்த வீடு அத்தனைக்கும் இப்போது இங்கிருந்துதான் குடிதண்ணீர் போகிறது.

நீ நத்தாருக்கு வா. வின்சன்ட் வீட்டில் தங்குவேன் என்று எழுதியிருக்கிறாய். அப்பு செபமாலையின் மகன் ஊருக்கு வந்து இன்னொருவன் வீட்டில் படுத்தால் அது எனக்குத்தான் அவமானம். என் கொட்டிலில் உனக்குப் பாய் இருக்கிறது, நத்தாருக்குச் சேவல் வளர்கிறது, கிணற்றில் தண்ணீர் இருக்கிறது.

அள்ள முன்பு என்னிடம் கேட்க வேண்டும். கேட்டால் தருவேன்.

அன்புடன் உன் மச்சாள்,
எமில்டா பெனடிக்ற்